சிடிக்குள் இருக்கும் பூட் இமேஜ்: அதை வெளியே எடுப்பது என்றால் உண்மையில் என்ன?

"ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து பூட் இமேஜை எடுத்துப் பென் டிரைவில் எழுதுங்கள், போதும்" என்று ஒருவர் வழி சொல்கிறார். கேட்டவர் அப்படியே செய்கிறார். கட்டளை எந்தப் பிழையும் காட்டாமல் முடிகிறது. ஆனால் வெளியே வந்த கோப்பின் அளவு வெறும் 2,048 பைட். இவ்வளவு பெரிய டிவிடியிலிருந்து இவ்வளவுதானா என்று திகைக்கும் அவர், கருவியில் கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார்.

கருவியில் கோளாறு இல்லை. கேட்டதைச் சரியாகவே கொடுத்திருக்கிறது. 'பூட் இமேஜ்' என்ற சொல்லை வழி சொன்னவர் ஒரு பொருளில் சொன்னார், கேட்டவர் வேறொரு பொருளில் புரிந்துகொண்டார், சிடிக்கான தரநிலையோ மூன்றாவதாக ஒரு பொருளில் அதைப் பயன்படுத்துகிறது. இந்தக் குழப்பத்தில் நானும் ஒரு முழு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன். சிடி டிரைவ் இல்லாத ஒரு மடிக்கணினியின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் கொடுத்ததோ சிடியில் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ. அதை அப்படியே பென் டிரைவில் எழுதினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காரணம் புரிந்தபோது, இது பத்து நிமிடத்தில் விளக்கக்கூடிய விஷயம் என்றும் தெரிந்தது.

ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு சிடி அல்லது டிவிடியின் முழு நகல். வட்டில் முதல் பைட் முதல் கடைசி பைட் வரை என்ன இருக்கிறதோ அதெல்லாம் ஒரே கோப்பாக இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் தெரியும் கோப்புறைகளும் கோப்புகளும் இரண்டாவது வகை. மூன்றாவதுதான் பூட் இமேஜ்: கணினியை இயக்கியதும், வேறு எந்த மென்பொருளும் இல்லாத நிலையில், முதன்முதலில் நினைவகத்துக்குள் ஏற்றப்படும் பகுதி. வட்டின் ஏதோ ஓர் இடத்தில் அது ஒரு துண்டாக உட்கார்ந்திருக்கும். கோப்புப் பட்டியலில் அதன் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. பட்டியலில் பெயரே இல்லாத ஒன்றைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எண்ண மட்டும் தெரிந்தவர்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத, ஆனால் பக்கங்களை எண்ணத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு தடித்த நூலைக் கொடுத்து "ஏழாம் அத்தியாயத்தைத் திறங்கள்" என்றால் அவரால் முடியாது. அத்தியாயத் தலைப்பைத் தேட வேண்டும், பொருளடக்கத்தைப் படிக்க வேண்டும். "212ஆம் பக்கத்தைத் திறங்கள்" என்றால் உடனே திறந்துவிடுவார்.

இயக்கிய கணத்தில் கணினியின் நிலை இதுதான். மின்சாரம் வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது பயாஸ், அதாவது தாய்ப்பலகையின் சில்லில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் சிறிய மென்பொருள். பழைய வகைப் பயாஸுக்குக் கோப்பு, கோப்புறை என்ற எதுவும் தெரியாது. கோப்புகளைப் படிக்கும் திறமை இயங்குதளத்துக்குத்தான் உண்டு. அந்த இயங்குதளமோ இன்னும் வட்டுக்குள்ளேயே கிடக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற நிலை.

பயாஸுக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும். வட்டு முழுவதும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டுக்குச் செக்டார் என்று பெயர். தரவு சிடியில் ஒரு செக்டாருக்கு 2,048 பைட். 80 நிமிட சிடி ஒன்றில் ஏறத்தாழ 3,60,000 செக்டார்கள் இருக்கும். "இத்தனையாவது செக்டாரைக் கொடு" என்று பயாஸ் டிரைவிடம் கேட்டு வாங்கும். செக்டார்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

ஆக, எண்ண மட்டும் தெரிந்த ஒருவருக்கு வழிகாட்ட, எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு பக்க எண் வேண்டும். அந்தப் பக்கத்தில் அடுத்து எங்கே போவது என்று இன்னோர் எண் இருந்தால் போதும்.

17ஆம் செக்டாரில் ஒரு குறிப்பு

சிடியில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 9660 என்று பெயர். 1988இல் வந்த தரநிலை. அதன்படி முதல் 16 செக்டார்கள், அதாவது 0 முதல் 15 வரை, கணினி அமைப்புகளின் சொந்த உபயோகத்துக்காக ஒதுக்கப்பட்டவை. கோப்புமுறை அவற்றைத் தொடுவதில்லை. வட்டின் பெயரும், கோப்புப் பட்டியல் தொடங்கும் இடமும் 16ஆம் செக்டாரில் எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் அந்தத் தரநிலை வந்தபோது, தனிக்கணினி ஒன்றை சிடியிலிருந்து துவக்குவதற்கு எல்லோரும் ஏற்ற வழி எதுவும் இருக்கவில்லை. 1995 ஜனவரியில் பீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ஒரு வழிமுறையை வெளியிட்டன. அதன் பெயர் எல் டோரிட்டோ. ஸ்பானிய மொழியில் இதற்குச் 'சின்னக் காளை' என்று பொருள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உள்ளே இருக்கும் ஏற்பாடு மிக எளிமையானது.

17ஆம் செக்டாரில் ஒரு குறிப்பு வைக்க வேண்டும் என்கிறது அது. குறிப்பின் தொடக்கத்தில் 'எல் டோரிட்டோ' என்ற அடையாளச் சொற்கள் இருக்கும். சற்றுத் தள்ளி, நான்கு பைட் அளவில் ஓர் எண் இருக்கும். அந்த எண் இன்னொரு செக்டாரைக் காட்டும். அந்தச் செக்டாரில் இருப்பது பூட் கேட்டலாக், அதாவது துவக்கத்துக்கு உரிய இமேஜ்களின் அட்டவணை. ஒவ்வொரு பதிவுக்கும் 32 பைட்தான். முதல் பதிவு, இது உண்மையான அட்டவணைதானா என்று சரிபார்ப்பதற்கு. இரண்டாவது பதிவு முக்கியமானது: இயல்பாகத் துவக்க வேண்டிய இமேஜ் எந்தச் செக்டாரில் தொடங்குகிறது, எவ்வளவு ஏற்ற வேண்டும், அது எந்த வகை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

அவ்வளவுதான் வழி. 17ஆம் செக்டார், அங்கிருந்து அட்டவணை, அங்கிருந்து இமேஜ். எங்கும் கோப்பின் பெயர் குறுக்கே வரவில்லை, எண்கள் மட்டுமே. பட்டியலில் பெயர் இல்லாத துண்டைக் கணினி கண்டுபிடிப்பது இப்படித்தான்.

வேடம் போடும் சிடி

மேலே 'வகை' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கடந்தேன். உண்மையில் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் அதுதான். ஆகவே இங்கே சற்று நிதானமாகப் போவோம்.

1995இல் கணினிகள் பிளாப்பியிலிருந்தும் ஹார்டு டிஸ்கிலிருந்தும் துவங்கிப் பழகியவை. துவக்க நிரல்கள் எல்லாம் அவற்றுக்காகவே எழுதப்பட்டிருந்தன. அவற்றை மாற்றி எழுதச் சொல்வதைவிட, சிடியின் ஒரு பகுதியைப் பிளாப்பி போலவோ ஹார்டு டிஸ்க் போலவோ நடிக்க வைப்பது சுலபம் என்று இந்த வழிமுறையை வகுத்தவர்கள் கருதினார்கள். இந்த நடிப்புக்கு எமுலேஷன் என்று பெயர். பயாஸ் சிடிக்குள் இருக்கும் இமேஜை எடுத்து "இதுதான் பிளாப்பி" என்று மற்ற நிரல்களிடம் காட்டும். அவையும் நம்பி இயங்கும்.

பிளாப்பி வேடத்தில் மூன்று அளவுகள் உண்டு: 1.2, 1.44, 2.88 மெகாபைட். அதாவது அந்த சிடிக்குள் ஒரு முழுப் பிளாப்பியின் நகல் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் வேடத்தில், பகிர்வு அட்டவணை (டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பு) உட்பட ஒரு சிறிய ஹார்டு டிஸ்கின் முழு நகல் இருக்கிறது. இந்த இரண்டு வகையிலும் பூட் இமேஜ் தன்னிறைவானது. உள்ளேயே கோப்புமுறை, இயங்குதளம், ஓட வேண்டிய நிரல் எல்லாம் இருக்கும். வெளியே எடுத்தால் தனியாக வாழும்.

மூன்றாவது வகையில் வேடமே கிடையாது. பயாஸ் குறிப்பிட்ட அளவு பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி, அவற்றை ஒரு நிரலாக ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தச் சிறு நிரல் தன் சாமர்த்தியத்தில் சிடியைப் படித்து மீதியை ஏற்றிக்கொள்ள வேண்டும். லினக்ஸ், விண்டோஸ் நிறுவல் வட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். இங்கே பூட் இமேஜ் என்பது கதவைத் திறக்கும் கை மட்டுமே. வீடு சிடியில் இருக்கிறது. கையை மட்டும் வெட்டி எடுத்து வந்தால் அதற்குத் திறக்கக் கதவு இருக்காது.

சுருக்கமாக: வேடமுள்ள இமேஜ் முழுமையான வட்டு. வேடமில்லாத இமேஜ் ஒரு சிறு நிரல். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லப்படும் எந்த வழிமுறையும் பாதி நேரம்தான் பலிக்கும்.

கருவி செய்யும் வேலை

இப்போது கட்டளை வரிக்கு வருவோம். இந்த வேலைக்கென்றே இருக்கும் சிறு கருவி கெட்எல்டோரிட்டோ. பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. டெபியன் குடும்ப லினக்ஸ்களில் ஜெனிஸோஇமேஜ் என்ற தொகுப்போடு வருகிறது.

கட்டளையை எழுதும் முறை இது: முதலில் கருவியின் பெயர், பிறகு சிறு கோடு சேர்த்த 'ஓ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து, அடுத்து, வெளியே வரும் கோப்புக்கு நாம் வைக்கும் பெயர், கடைசியில் மூல ஐஎஸ்ஓவின் பெயர். ஐஎஸ்ஓவுக்குப் பதிலாக டிரைவில் இருக்கும் சிடியையே காட்டினாலும் வேலை செய்யும். கருவி மூலத்தைப் படிக்க மட்டுமே செய்கிறது. அதில் ஒரு பைட்டையும் மாற்றாது. எனவே தயக்கமின்றி முயன்று பார்க்கலாம்.

கட்டளை முடிந்ததும் திரையில் ஐந்தாறு வரிகள் வரும். பெரும்பாலானோர் அவற்றைப் படிக்காமல் கோப்பைத் தேடப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள், தேவையான தகவல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அட்டவணை எந்தச் செக்டாரில், எந்தக் கணினி வகைக்கு, என்ன வேடம், இமேஜ் எந்தச் செக்டாரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று வரிசையாகச் சொல்லும்.

இதில் ஒரு பொறி உண்டு. தொடங்கும் இடத்தை 2,048 பைட் செக்டாரில் சொல்லும் கருவி, நீளத்தை மட்டும் 512 பைட் துண்டுகளில் சொல்லும். கருவி எழுதியவரின் விருப்பம் அல்ல இது. எல் டோரிட்டோவே அப்படித்தான் வகுத்திருக்கிறது. இடம் சிடியின் கணக்கில், நீளம் பிளாப்பி, ஹார்டு டிஸ்க் கணக்கில். இரண்டையும் ஒரே அலகு என்று நினைத்துக் கணக்கிட்டால் நான்கு மடங்கு தவறும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1.44 மெகாபைட் பிளாப்பி வேடம், இமேஜ் 27ஆம் செக்டாரில் தொடங்குகிறது, நீளம் 2,880 துண்டுகள் என்று கருவி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 27ஐ 2,048ஆல் பெருக்கினால் 55,296. ஐஎஸ்ஓவின் தொடக்கத்திலிருந்து அத்தனை பைட்டுகளைத் தாண்டினால் இமேஜ் வந்துவிடும். 2,880ஐ 512ஆல் பெருக்கினால் 14,74,560 பைட். அதுதான் ஒரு பிளாப்பியின் முழுக் கொள்ளளவு.

இந்தக் கணக்கு தெரிந்தால், தனிக்கருவி இல்லாமலேயே வேலையை முடிக்கலாம். பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் டிடி என்ற கட்டளை எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. துண்டளவு 2,048, தாண்ட வேண்டியது 27, எடுக்க வேண்டியது 720 என்று அதனிடம் சொன்னால், அதே கோப்பு கிடைக்கும். இரண்டு கோப்புகளின் சரிபார்ப்புத் தொகையையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணையும், ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் ஒருமுறையாவது இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 'வெளியே எடுத்தல்' என்ற சொல்லைச் சுற்றியிருக்கும் மர்மம் அதோடு கரைந்துவிடும். கருவி எதையும் உருமாற்றவில்லை, எதையும் விரிக்கவில்லை. ஓரிடத்திலிருந்து ஒரு நீளத்தை வெட்டி எடுக்கிறது.

அப்படியானால் தனிக்கருவி எதற்கு? நீளத்தை முடிவு செய்வதில் அது கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. அட்டவணையில் இருக்கும் அளவு, 'தொடக்கத்தில் நினைவகத்தில் எவ்வளவு ஏற்ற வேண்டும்' என்பதை மட்டுமே சொல்கிறது. பிளாப்பி வேடத்தில் அது வெறும் 1 என்று இருப்பது வழக்கம். அதை நம்பினால் 512 பைட்தான் கிடைக்கும். எனவே கருவி வேடத்தைப் பார்த்து, பிளாப்பி என்றால் பிளாப்பியின் முழு அளவை எடுத்துக்கொள்கிறது. ஹார்டு டிஸ்க் என்றால் இமேஜின் முகப்பிலுள்ள பகிர்வு அட்டவணையைப் படித்து, முதல் பகிர்வு எங்கே முடிகிறதோ அதுவரை எடுக்கிறது.

2,048 பைட் வந்தால்

இப்போது தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு விடை தானாக வருகிறது. வேடமில்லாத வகையில் கருவிக்கு வேறு துப்பு எதுவும் இல்லை. அட்டவணையில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளும். ஐசோலினக்ஸ் என்ற துவக்க நிரலைக் கொண்ட வட்டுகளில் அது 4 என்று இருக்கும். நான்கு துண்டு, 2,048 பைட். விண்டோஸ் நிறுவல் வட்டுகளில் 8. அதாவது 4,096 பைட்.

ஐசோலினக்ஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த நிரலின் முழு நீளம் 2,048 பைட்டைவிடப் பல மடங்கு பெரியது. முதல் 2,048 பைட் நினைவகத்துக்கு வந்ததும், அந்தச் சிறு பகுதியே தன் மீதி உடலைச் சிடியிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே கருவி வெட்டித் தரும் துண்டு, நிரலின் தலை மட்டுமே. முழு நிரல் வேண்டும் என்றால், ஐஎஸ்ஓவைச் சாதாரணமாகத் திறந்து ஐசோலினக்ஸ் கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பை நகலெடுப்பதே சரி. வட்டில் சில கோப்புகளை மாற்றிவிட்டு மீண்டும் துவங்கக்கூடிய சிடியாக உருவாக்க நினைப்பவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும்.

புதிய கணினிகளும் இரண்டாவது இமேஜும்

இதுவரை பழைய பயாஸைப் பற்றிப் பேசினோம். இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. இது கொஞ்சம் படிக்கத் தெரிந்தது: ஃபேட் என்ற எளிய கோப்புமுறையைப் புரிந்துகொள்ளும். எனவே இரண்டு தலைமுறைகளுக்கும் ஏற்ற வட்டுகளில், பூட் கேட்டலாக்கில் இரண்டாவதாக ஓர் இமேஜும் பதிவாகியிருக்கும். அது ஃபேட் முறையில் அமைந்த ஒரு சிறு வட்டின் நகல். யூஇஎஃப்ஐக்கான துவக்க நிரல் அதற்குள் ஒரு கோப்பாக இருக்கும்.

கெட்எல்டோரிட்டோ முதல் இமேஜை மட்டுமே எடுக்கும். இரண்டாவது வேண்டுமானால் ஸோரிசோ என்ற கருவியை நாடலாம். அட்டவணையில் உள்ள எல்லா இமேஜ்களையும் பட்டியலிடவும், வெளியே எடுக்கவும் அதில் வசதி இருக்கிறது. செவன்ஜிப் கருவியும் ஐஎஸ்ஓவைத் திறக்கும்போது பூட் இமேஜ்களைத் தனிக் கோப்புறையாகக் காட்டும்; கோப்பின் பெயரிலேயே வேடமும் எழுதியிருக்கும். அவசரத்துக்கு வேடத்தை அறிய அதுவே சுருக்கு வழி.

பென் டிரைவில் எழுதும் முன்

என் பயாஸ் கதைக்குத் திரும்புகிறேன். அந்த ஐஎஸ்ஓவின் பூட் இமேஜ் ஹார்டு டிஸ்க் வேடத்தில் இருந்தது. முழு ஐஎஸ்ஓவையும் பென் டிரைவில் எழுதியபோது என்ன நடந்திருக்கும் என்று இப்போது சொல்லிவிடலாம். பென் டிரைவைக் கணினி ஹார்டு டிஸ்காகப் பார்க்கிறது. அதன் முதல் 512 பைட்டில் துவக்க நிரலைத் தேடுகிறது. ஐஎஸ்ஓவின் முதல் 16 செக்டார்களோ வெறுமையாக இருந்தன. இமேஜை மட்டும் வெட்டி எடுத்து எழுதியபோது, அந்தச் சிறிய ஹார்டு டிஸ்கின் முகப்பே பென் டிரைவின் முகப்பாக அமைந்தது. உடனே துவங்கியது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பென் டிரைவின் ஒரு பகிர்வில் எழுதக் கூடாது. முழுச் சாதனத்தின் மீது எழுத வேண்டும். அதில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். டிடி கட்டளை எச்சரிக்காது, இருமுறை கேட்காது. சாதனத்தின் பெயரில் ஓர் எழுத்து தவறினால் உங்கள் சொந்த ஹார்டு டிஸ்கை அழித்துவிடும். பெயரைச் சரிபார்த்த பிறகே அழுத்துங்கள்.

பிளாப்பி வேட இமேஜைப் பென் டிரைவில் எழுதுவது எல்லாக் கணினியிலும் பலிக்காது. சிஸ்லினக்ஸ் தொகுப்பில் உள்ள மெம்டிஸ்க் என்ற நிரல் அதை நினைவகத்தில் பிளாப்பியாக நிறுத்தி ஓடவைக்கும். அந்த வழி நம்பகமானது.

இன்றைய லினக்ஸ் வட்டுகளுக்கோ இந்த வேலை எதுவும் தேவையில்லை. அவற்றில் பலவும் ஹைபிரிட் ஐஎஸ்ஓக்கள். கோப்புமுறை தொடாமல் விட்ட அந்த முதல் 16 செக்டார்களில் ஹார்டு டிஸ்குக்கான துவக்க நிரலையும் பகிர்வு அட்டவணையையும் வைத்துவிடுகிறார்கள். சிடியாகப் பார்ப்பவர் 17ஆம் செக்டாருக்குப் போவார். ஹார்டு டிஸ்காகப் பார்ப்பவர் பூஜ்யத்தில் நிற்பார். இருவருக்கும் வழி கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இவற்றை அப்படியே முழுதாகப் பென் டிரைவில் எழுதினால் போதும்.

"இது துவங்கக்கூடிய சிடி அல்ல" என்று வந்தால்

சில சமயம் கருவி இமேஜ் எதையும் எடுக்காமல் இப்படிச் சொல்லி நின்றுவிடும். 17ஆம் செக்டாரில் அடையாளச் சொற்கள் இல்லை என்பதுதான் இதன் பொருள். வட்டில் வெறும் தரவு மட்டும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் கோப்பின் வகையைப் பாருங்கள். கோப்புப் பெயரின் முடிவில் 'பின்' என்ற ஆங்கிலப் பின்னொட்டோடு வரும் பழைய சிடி நகல்கள் பலவற்றில், ஒவ்வொரு செக்டாரும் பிழைதிருத்தத் தகவல்கள் சேர்ந்து 2,352 பைட்டாக இருக்கும். கருவி 34,816ஆவது பைட்டில் போய்த் தேடும். 17ஆம் செக்டாரோ 39,984இல் தொடங்கியிருக்கும். அங்கே குறிப்பு பத்திரமாக இருந்தும் கண்ணில் படாது. பிசங்க் போன்ற ஒரு கருவியால் அந்தக் கோப்பை முதலில் ஐஎஸ்ஓவாக மாற்றிக்கொண்டு, அதே கட்டளையை மறுபடி கொடுங்கள்.